விதைக்கு விட்ட காய்

பரங்கிக்காயை நாம் நாட்டுக்காய் என்றுதான் சொல்கிறோம். பொங்கலன்று பரங்கிக்காய்க் கூட்டு இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. மார்கழி மாதம் வாசலில் கோலம் போட்டு, சாணிப் பிள்ளையார் பிடித்து, அதன் தலையில் செருகுவதும் பரங்கிப்பூதான். ஆனால் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். பரங்கி என்றால் ஐரோப்பியன். கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டை இருக்கிறதே, அதே பரங்கி. அந்தக் காயின் பூர்வீகம் அமெரிக்கா. போர்ச்சுகீசியர் கப்பல் வழியாக இங்கே வந்து இறங்கியது. 1498க்கு முன்னால் நம் ஊரில் எந்தக் கூரை மேலும் பரங்கிக்கொடி படர்ந்திருக்க முடியாது.

மிளகாயும் அப்படித்தான். மிளகு போலக் காரமாக இருந்த புதுக் காய்க்கு மிளகு, காய் இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, பீன்ஸ் எல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்கே. இதை நம் சமையல்கட்டு மறக்கவில்லை. பழைய முறை தவறாத வீடுகளில் திவசத்துக்கு மிளகாய் சேர்க்க மாட்டார்கள், மிளகுதான். தக்காளி, கோஸ், உருளைக்கிழங்கு கூடாது. கத்தரி, அவரை, புடலை, பாகல் போன்றவைதான் அன்றைக்கு. சரித்திரப் புத்தகம் படிக்காத பாட்டிமார்கள் எது பழைய காய், எது வந்த காய் என்று பிசகாமல் சொல்வார்கள்.

கப்பலில் வந்த காய் நாட்டுக்காய் ஆனது எப்படி? நான்கு நூறு வருஷத்தில் இதை யார் செய்தார்கள்? மன்னர்களுக்கோ கவர்னர்களுக்கோ இதில் பங்கு அதிகம் இல்லை. கொல்லையில் நல்ல காயாகப் பார்த்து ஒன்றைப் பறிக்காமல் விட்டவர்கள் செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எந்த ஆவணத்திலும் அவர்கள் பெயர் இல்லை.

பறிக்காமல் விடுவது சின்ன வேலை மாதிரி தெரியும். அப்படி இல்லை. பாகூர்ப் பக்கம் எங்கள் ஆயா செய்ததைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். கொடியில் கடைசியாக மிஞ்சிய சொத்தைக் காயை விதைக்கு விட மாட்டார்கள். கொடி நல்ல தெம்பாக இருக்கும்போது, இரண்டாவது மூன்றாவது ஈட்டில் வரும் வாளிப்பான காயாகப் பார்த்து, காம்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிவிடுவார்கள். கிழிசல் கட்டிய காயை யாரும் தொடக்கூடாது, விருந்தாளி வந்தாலும் சரி. சுரைக்காய் என்றால் அதே கொடியின் வேறு காயைச் சமைத்துப் பார்த்து, கசப்பு துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே கிழிசல் கட்டுவது. சுரை, பீர்க்கு வகைகளில் கசப்பு எங்கிருந்தாவது வந்து ஒட்டிக்கொள்ளும். பூச்சி ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தம் கொண்டுவருவதால் வரும் வினை அது. ஆயாவுக்கு மகரந்தம் என்ற சொல் தெரியாது. ஆனால் கசந்த கொடியின் விதை அடுத்த ஆடிக்கு வரக்கூடாது என்பது தெரியும்.

அவரைக்கும் காராமணிக்கும் கஷ்டமில்லை. நெத்தாகும் வரை கொடியிலேயே விட்டுவிட வேண்டியதுதான். பெரும்பாலும் தன் பூவிலேயே தான் கருக்கட்டிக்கொள்ளும் என்பதால் தாய் மாதிரியே பிள்ளை இருக்கும். பீர்க்கங்காய் இன்னும் சுலபம். காய்ந்து கூடாகி, முனை மூடி கழன்று, குலுக்கினால் விதை தானாகக் கொட்டும். கத்தரிக்காயை மஞ்சளாகப் பழுக்கவிட்டு, தண்ணீரில் பிசைந்து, மிதப்பதைக் கொட்டிவிட்டு அடியில் தங்கியதை மட்டும் எடுத்து, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார்கள். தக்காளி விதையைச் சுற்றி வழுவழுப்பு இருக்கும். பிழிந்த சாற்றோடு ஒரு நாள், இரண்டு நாள் புளிக்கவிட்டு அலசினால் அது போய்விடும். பரங்கி, பூசணி விதைகளைச் சாணியில் பதித்துச் சுவரில் வறட்டி மாதிரி தட்டிவைப்பதும் உண்டு. விதைப்பு நாள் வந்ததும் வறட்டியைப் பெயர்த்துக் குழியில் போட்டால், விதைக்கு முதல் உரமும் அதுவே. மற்றதெல்லாம் காய்ந்த சுரைக்குடுக்கையிலோ கலயத்திலோ போட்டு, வாயைத் துணியால் கட்டி, அடுப்புக்கு மேலே உறியில் தொங்கும். புகை படுகிற இடத்தில் பூச்சி அண்டாது, ஈரமும் அண்டாது.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு 'லெசோன் த ஷோஸ்' என்று ஒரு பாடம் உண்டு. பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்துக் கற்கும் பாடம். ஈரப் பஞ்சில் ஒரு அரிகோ விதையை, அதாவது பீன்ஸ் விதையை வைத்து, முளைவிடுவதை நாள்தோறும் படம் வரைய வேண்டும். அந்தப் பாடத்தில்தான் 'போர்த்-கிரேன்' என்ற சொல்லைக் கற்றேன். விதை சுமப்பது என்று பொருள். விதைக்காகவே விட்டுவைத்த செடிக்குப் பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர். நம் ஊரில் 'விதைக்கு விட்டது' என்போம். இரண்டு பாஷையிலும் இதற்குத் தனிச் சொல் உண்டு என்பதிலிருந்தே, இந்த வேலையை இரண்டு ஊரிலும் எவ்வளவு மதித்தார்கள் என்று தெரிகிறது.

ஒரே காயை ஒரே மண்ணில் ஐம்பது தலைமுறை இப்படி விட்டுவிட்டு எடுத்தால் அது அந்த மண்ணுக்கே உரியதாகிவிடும். இராமநாதபுரம் குண்டு மிளகாய் உதாரணம். வானம் பார்த்த அந்தச் சீமையின் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகிய மிளகாய். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதே சமயம் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் கிடைத்தது. கத்தரி நம் நாட்டுப் பூர்வ குடி, மிளகாய் கடல் தாண்டி வந்தது. ஆனாலும் அரசாங்கச் சான்றிதழில் இரண்டும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் கப்பலில் வந்த எல்லாக் காயும் இப்படி இணங்கிவிடவில்லை. கோஸ், கேரட், பீட்ரூட், காலிபிளவர் முதலியவை ஐரோப்பியக் குளிரில் பிறந்தவை. அங்கே முதல் வருஷம் காயோ கிழங்கோ தரும். ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பிறகு இரண்டாம் வருஷம்தான் பூத்து விதைவிடும். நம் சமவெளியில் அந்தக் குளிர் எங்கே? மார்கழியில் போர்வை தேடுவதையெல்லாம் கேரட் குளிராகக் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆக, விளையும், ஆனால் விதைக்காது. அந்தக் காய்களை விரும்பிய வெள்ளைக்காரர்கள் வருஷா வருஷம் கப்பலில் விதை தருவித்தார்கள். ஈயம் பற்றவைத்த தகர டப்பாக்களில் விதை வரும். வெங்காய விதை மாதிரி ஒரு வருஷத்துக்கு மேல் உயிர் தாங்காத சரக்கு, கப்பலின் புழுக்கத்தில் பாதி செத்தே வந்து சேரும். காய்கறி விதையை வருஷம் தவறாமல் காசு கொடுத்து வாங்குவது என்ற பழக்கம் நம் நாட்டுக்கு முக்கியமாக இந்த வழியில்தான் வந்தது என்பது என் எண்ணம். கத்தரிக்கும் அவரைக்கும் அதற்குமுன் யார் கடைக்குப் போனார்கள்?

இதில் காலிபிளவர் கதை மட்டும் வேறு மாதிரி. 1822ல் வட இந்தியாவில் சஹாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்துக்கு, அதன் பொறுப்பாளர் டாக்டர் ஜெம்சன் இங்கிலாந்திலிருந்து காலிபிளவர் விதை கொண்டுவந்தார். அங்கிருந்து விதை பல ஊர்களுக்குப் போனது. வட இந்தியக் காய்கறிக் குடியானவர்கள் பயிரிட்டார்கள். பெரும்பாலான செடி வெறும் இலையாக நின்றது. ஏதோ சிலது மட்டும், குளிர் முழுசாக வருவதற்கு முன்பே, சின்னதாகவாவது பூக்கட்டியது. குடியானவன் அந்தச் சிலதை வெட்டி விற்காமல் விதைக்கு விட்டான். அடுத்த வருஷமும் அப்படியே. அவன் மகனும் அப்படியே. நூறு வருஷம் போனது. 1929ல் சட்டன் என்ற ஆங்கில விதைக் கம்பெனி தன் இந்தியப் பட்டியலில் பாட்னா, பனாரஸ் என்ற பெயர்களில் காலிபிளவர் ரகங்களை விற்றது. இங்கிலாந்துச் சரக்கு இந்திய ஊர்ப் பெயரோடு இங்கிலாந்துக்காரன் கடைக்கே திரும்பிவிட்டது!

விஷயம் பெயரோடு நிற்கவில்லை. 1970களில் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்து, இந்தியக் காலிபிளவர் தனி இனக்கூட்டமாகவே ஆகிவிட்டது என்று எழுதினார்கள். இருபத்தைந்து டிகிரி வெயிலிலும் பூக்கட்டும், பனிக்காலத்துக்குக் காத்திருக்காமல் ஒரே வருஷத்தில் விதைவிடும், வட இந்தியச் சமவெளியிலேயே விதை எடுக்கலாம். ஐரோப்பாவில் இல்லாத குணங்கள். குறிப்பேடு, நுண்ணோக்கி எதுவும் இல்லாமல், எதை வெட்டுவது எதை விடுவது என்ற ஒரே தீர்மானத்தால் சாதித்தது இது. டாக்டர் ஜெம்சன் பெயர் எல்லா விவசாயப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. விதைக்கு விட்டவன் பெயர் ஒன்றுகூட இல்லை.

கேரட், கோஸ் வகையறா அப்படி இணங்கவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் கப்பல் நின்றதும் விதையும் நின்றது. அப்போதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. 1942-43ல் குவெட்டாவில் குளிர்ப்பிரதேசக் காய்கறிகளுக்கு விதை எடுக்க ஆரம்பித்தார்கள். பிரிவினையில் குவெட்டா பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. பிறகு குலு பள்ளத்தாக்கில் கத்ரைன் என்ற இடத்தில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இனி விதை வியாபாரத்தின் தாய்வீட்டுக்குப் போவோம். நமக்குப் பழக்கமான தேசம்தான். நம் புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் கவர்னராக வந்தது 1742ல். மறு வருஷம், 1743ல், பாரிஸில் க்ளோத் ஜெஃப்ருவா என்ற அம்மையாரும் அவர் கணவர் பியேர் ஆந்திரியேயும் விதைக்கடை வைத்தார்கள். அம்மையார் விதை வியாபாரத்தில் கைதேர்ந்தவர். கணவர் பதினைந்தாம் லூயி மன்னருக்குத் தாவரப் பணி செய்தவர். அவர்கள் மகளை மணந்தவர் வில்மொரேன். வில்மொரேன்-ஆந்திரியே என்ற பெயர் பின்னால் உலகம் முழுக்கப் பரவியது. சேன் நதிக்கரையில் மெஜிஸ்ரி துறையில் அவர்கள் கடை. அந்தத் தெருவில் இன்றும் விதைக்கடைகளும் செடிக்கடைகளும் உண்டு.

இந்தக் குடும்பத்தில் லூயி த வில்மொரேன் என்பவர் 1856ல் ஒரு முறையை வெளியிட்டார். பீட்ரூட் இனத்தில் சர்க்கரைச் சத்தைக் கூட்ட வேண்டும். அதுவரை எல்லோரும் நல்ல கிழங்குகளாகப் பொறுக்கி அவற்றின் விதையை மொத்தமாகக் கலந்து விதைத்தார்கள். இவர் ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனியாக வைத்து, தனித்தனி வரிசையில் விதைத்து, பிள்ளைகளின் லட்சணத்தைப் பார்த்துத் தாயைத் தேர்ந்தெடுத்தார். மெண்டலின் பட்டாணி ஆராய்ச்சி வெளியாவதற்குப் பத்து வருஷம் முன்பு! இதைப் படிக்கும்போது கொல்லைப்புறத்துக் கலயங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. கிணற்றடிக் கத்தரி ஒரு கலயம், மாட்டுக்கொட்டகைக் கத்தரி ஒரு கலயம் என்று நம் வீடுகளில் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். வில்மொரேன் எழுதி வைத்தார், கணக்குப் போட்டார், அதனால் அது விஞ்ஞானம் ஆனது. அவர் பெருமையை நான் குறைக்கவில்லை. எழுதி வைப்பதும் பெரிய காரியம்தான்.

விதைக்கடைக்காரர்களில் அயோக்கியர்களும் இருந்தார்கள். செத்த விதையையும் சாயம் போட்ட விதையையும் கலந்து விற்பது ஐரோப்பாவில் சகஜமாகி, இங்கிலாந்தில் 1869ல் விதைக் கலப்படத் தடைச் சட்டமே போட வேண்டி வந்தது. பிரான்சில் 1932ல் அதிகாரபூர்வமான ரகப் பட்டியல் ஏற்பட்டது. இன்ன பெயரில் விற்றால் இன்ன குணம் இருக்க வேண்டும் என்று நிர்ணயிக்க வந்த பட்டியல். வாங்குகிறவனைக் காப்பாற்றத்தான் வந்தது. ஆனால் பட்டியல் என்று ஒன்று வந்துவிட்டால், அதில் இல்லாதது கள்ளச் சரக்கு ஆகிவிடும். ஆபீஸில் காலம் தள்ளிய யாருக்கும் இது புதிதில்லை. ரகம் பட்டியலில் ஏற வேண்டுமானால் மற்றவற்றிலிருந்து வேறுபட்டு, செடிக்குச் செடி ஒரே மாதிரி, வருஷத்துக்கு வருஷம் மாறாமல் இருக்க வேண்டும். பதிவுக்குப் பணமும் கட்ட வேண்டும். கொல்லையில் வளர்த்த பழைய ரகம் ஒரே மாதிரி எப்படி இருக்கும்? ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். மழை தவறினாலும் ஏதோ ஒன்று காய்க்கட்டும் என்பதற்காகவே அது அப்படி இருக்கிறது. அந்தக் குணமே பட்டியலுக்குக் குறையாகிவிட்டது.

இதன் விளைவு 1999ல் தொடங்கிய கொகொபெல்லி என்ற பிரெஞ்சுச் சங்கத்தின் தலையில் விடிந்தது. பழைய காய்கறி ரகங்களின் விதையைச் சேகரித்து விற்கும் சங்கம் அது. பட்டியலில் இல்லாத ரகங்களை விற்பதால் எங்களுக்குப் பாதகமான போட்டி என்று போமோ என்ற விதைக் கம்பெனி 2005ல் வழக்குப் போட்டது. 2008ல் நான்சி நகரக் கோர்ட்டு, சங்கம் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அப்பீலில் விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2012 ஜனவரியில் அந்த நீதிமன்றத்தின் சட்ட ஆலோசகர், இப்படி ஒரு தடை அளவுக்கு மீறியது, செல்லாது என்று கருத்துச் சொன்னார். ஜூலை 12ஆம் தேதி நீதிபதிகள் அதை ஏற்காமல், சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கவனியுங்கள், இந்த வழக்கு விற்பனையைப் பற்றியது. வீட்டில் விதை எடுத்துத் தானே விதைத்துக்கொள்பவனை அங்கே யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் தாத்தா காலத்துத் தக்காளி விதையை ஒரு சின்ன உறையில் போட்டு விற்பது குற்றம் என்று சொல்லும் நிலைமை வந்ததே!

இந்தக் கொகொபெல்லிக்கு நம் பக்கத்திலேயே ஒரு கிளை உறவு உண்டு. ஆரோவில்லில் அன்னதானா என்ற விதைத்தோட்டம் அவர்கள் துணையோடு நடந்தது. ஐரோப்பியக் கோர்ட்டுகளில் பேசப்பட்ட சங்கதி நமக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் செம்மண் பாத்தியில் விளைந்துகொண்டிருந்தது.

பிரான்சில் இது ஒருவழியாக 2020 ஜூன் 10ஆம் தேதிச் சட்டத்தில் தீர்ந்தது. யாருக்கும் தனியுரிமை இல்லாத பழைய ரகங்களின் விதையை, பட்டியலில் இல்லாவிட்டாலும், வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விற்கலாம் என்று அனுமதித்தார்கள். வியாபார விவசாயிக்கு அந்தச் சலுகை இல்லை.

நம் நாட்டுச் சட்டம் இந்த விஷயத்தில் பரவாயில்லை. சட்டத்தைப் பிரிவு பிரிவாகப் படிப்பது எனக்குப் பழக்கதோஷம். 1966ஆம் வருஷத்து விதைச் சட்டத்தில் 24ஆம் பிரிவு என்று ஒன்று. தன் இடத்தில் விளைந்த விதையைத் தன் இடத்திலேயே, விதைப்பதற்காக இன்னொருவருக்கு நேராகக் கொடுத்தாலோ விற்றாலோ இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. 2001ஆம் வருஷத்துப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் தாராளம். விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயர் அச்சிட்ட பாக்கெட்டில் விற்கக்கூடாது, அவ்வளவுதான்.

ஆக, சட்டம் கையைக் கட்டவில்லை. அப்படியானால் கலயம் ஏன் காலியானது? கலப்பின விதைதான் பெரிய காரணம். கலப்பினத் தக்காளி, கத்தரியில் விதை எடுத்தால் முளைக்காது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. நன்றாக முளைக்கும். ஆனால் பிள்ளை தாயைப் போல இருக்காது. பத்துச் செடி பத்து விதமாகக் காய்க்கும், விளைச்சலும் குறையும். ஆகவே அடுத்த போகத்துக்கும் கடைக்குப் போயாக வேண்டும். யாரும் தடுக்காமலே ஒரு வழக்கம் நின்றுபோக இது போதும். விளைச்சலும் லாபமும் கூடியதை மறுப்பதற்கில்லை. பட்டணத்துக்கு லாரி லாரியாகத் தக்காளி போவது அதனால்தான். ஆனால் வீட்டுக் கொல்லையில் நாலு செடி வைப்பவருக்கு லாரிக் கணக்கு எதற்கு? அவருக்கு அவரையும் காராமணியும் சுரையும் வெண்டையும் போதும். நாலுமே கலப்பினம் அல்லாத ரகமாகப் பார்த்து வைத்தால் விதை எடுக்கச் சுலபமானவை.

கடைசியாக நம் ஊருக்கே உரிய ஒரு சமாச்சாரம். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரான்சில் பிள்ளைகள் இல்லாத தெரு கிடையாது. மே, ஜூனில் ஊருக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் ஊறுகாய், வடகத்தோடு ஒரு சின்ன முடிச்சும் போகும். புடலை விதை, கொத்தவரை விதை, முளைக்கீரை விதை. பாரிஸ் புறநகர்களில் பால்கனித் தொட்டியில் நம் அவரைக்கொடி ஏறியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். 2019 டிசம்பர் 14 முதல் அது முன்போல நடக்காது. வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய யூனியனுக்குள் விதை கொண்டுபோக, பூச்சி நோய் இல்லை என்ற அரசாங்கத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பயணியின் கைப்பையில் இருக்கும் ஒரு பிடி விதைக்கும் அதே விதிதான். நோய் பரவாமல் தடுக்கும் விதி, நியாயமானதுதான். போகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் முடிச்சைப் பிடுங்கிக் குப்பையில் போட்டால் மனசு கேட்காது. ஏற்கெனவே அங்கே கொடி வைத்திருப்பவர்கள், இந்தக் கோடையில் ஆகஸ்டு கடைசிக்குள் இரண்டு காயையாவது பறிக்காமல் விடட்டும். செப்டம்பர் மழையும் குளிரும் வந்துவிட்டால் நெத்து காயாமல் பூஞ்சணம் பிடித்துவிடும். காம்பில் கிழிசல் கட்ட மறக்க வேண்டாம்.